சாதாரணக் காய்ச்சல்

இங்க யாரும் வர்றாங்களா டீச்சர்? இல்லைல்ல. அப்ப நான் உக்காந்துக்கிறேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க. ஆங், போதும்.

டீச்சர் இல்லையா நீங்க? பரவால்ல, பாக்கிறதுக்கு டீச்சர் மாதிரித்தான் இருக்கீங்க. கண்ணாடி, கொண்டை, குறுக்க பேசாம கேக்கிற முகம். நான் டீச்சர்னே கூப்பிட்டுக்கிறேன். எனக்கு ஒண்ணு வாயில வந்துருச்சுன்னா அப்புறம் மாத்த வராது.

நான் கல்லுப்பட்டில எறங்கணும். நீங்க ராஜபாளையம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, மாம்பழக் கலர் சேலை. பஸ்ஸு மாட்டுத்தாவணியை விட்டு வெளிய வரல, அதுக்குள்ள தலை தொங்கிருச்சு. அவ என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், இந்திராணி. சேர்ந்துதான் வந்தோம், சேர்ந்துதான் போறோம். ஆனா அவ அங்க, நான் இங்க. ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லிருவேன்.

காய்ச்சல்ல பெரிய காய்ச்சல், சின்னக் காய்ச்சல்னு உண்டா டீச்சர்? எங்க வீட்டுல உண்டு. அஞ்சாறு வருஷமா உண்டு. அந்த வழக்குதான் இன்னைக்கு மதுரைல ஆஸ்பத்திரில வச்சுத் தீர்ந்துச்சு. தீர்ந்துச்சான்னும் தெரியல. முதல்ல இருந்து சொன்னாத்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

எங்க மாமனார் கட்டுன வீடு. ஒரே தலைவாசல், உள்ள ரெண்டு அடுப்படி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து மாவு மில்லு நடத்துறாங்க. அவங்களுக்குள்ள ஒரு சொல்லு வந்தது கிடையாது. வந்ததெல்லாம் எங்களுக்குள்ளதான். அவளுக்கு ஒரே பையன், சபரீஷ். எனக்கு ஒரே பொண்ணு, கீர்த்தனா. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தான் இருக்குங்க. அது அதுங்க குணம்.

பன்னிக் காய்ச்சல்னு ஒண்ணு வந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா? ஊர்ல எல்லாரும் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்களே. அந்த வருஷம் கல்லுப்பட்டில முதல் கேஸு யாருங்கிறீங்க? எங்க சபரீஷ்தான். அஞ்சு வயசு அவனுக்கு. காய்ச்சல் வந்த மறுநாளே மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. அதுக்கு அடுத்த நாள் சுகாதாரத் துறை ஜீப்பு ரெண்டு எங்க வாசல்ல நிக்குது. தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர், கோலம் போட வழியில்ல. வீட்டுல இருக்கிறவங்க எல்லாருக்கும் மாத்திரை. பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டான், 'ஐந்து வயதுச் சிறுவனுக்குப் பன்றிக் காய்ச்சல்'னு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டாங்க. கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் இன்னைக்கும் அவனைப் பாத்தா மரியாதையாத்தான் பேசும்.

அஞ்சே நாள். அஞ்சு நாள்ல நல்லா எந்திரிச்சு உக்காந்துட்டான். ஆக்சிஜன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் பாக்கணும் டீச்சர் கூட்டத்தை. ஆஸ்பத்திரில உள்ள விடலைன்னு அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. மொட்டைக் கடிதாசி போடுற சண்டைக்காரன்கூட சாத்துக்குடியைத் தூக்கிட்டு வந்தான். ஹார்லிக்ஸ் மட்டும் இருபத்து மூணு பாட்டிலு. இன்னைக்கும் போய்ப் பாருங்க, அவ அடுப்படில வரிசையா இருக்கும். மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, துவரம் பருப்பு, எல்லாம் அந்தப் பாட்டில்லதான். நான் தண்ணி எடுக்கப் போறப்ப எல்லாம் இருபத்து மூணும் என்னைப் பாக்கும்.

நான் எப்படி எண்ணுனேன்னா, நான் அப்ப ஊர்ல இல்ல, வந்துதான் எண்ணுனேன். ஜீப்பு வந்த அன்னைக்கே கீர்த்தனாவைத் தூக்கிட்டு சிவகாசிக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். தப்பா டீச்சர்? ரெண்டு வயசுப் பிள்ளை, ஒட்டிக்கிரும்ல? பதினெட்டு நாள் கழிச்சுத்தான் வந்தேன். போன்ல விசாரிக்கலைன்னு சொல்லக் கூடாது. ரெண்டு தடவை பண்ணுனேன். ஒரு தடவை லைன் கிடைக்கல. வந்து எறங்குறேன், ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. உள்ள போயி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துட்டு வந்து, 'பாப்பாவுக்கு ஆத்திக் குடு செம்பகம்'னா. எவ்வளவு எகத்தாளம் பாருங்க. அதையும் சேத்தா இருபத்து நாலு.

என் பேரு செண்பகவல்லி. செம்பகம், செம்பகம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைச்சுப் போச்சு.

அப்புறம் ரெண்டு வருஷம் எங்க போனாலும் அந்தப் பேச்சுதான். நம்மளாப் பேசலைன்னாலும் மத்தவங்க கேப்பாங்க, 'இந்தப் பையனுக்குத்தானே பன்னிக் காய்ச்சல் வந்துச்சு'ன்னு. இவ வாயைத் தொறப்பா. எங்க நாத்தனா பேத்திக்குக் காதுகுத்து, மண்டபத்துல அத்தனை பொம்பளைங்க சுத்தி உக்காந்திருக்காங்க. கதை ஓடுது. ஒருத்தி கேக்குறா, 'அப்ப உனக்கு யாருடி துணைக்கு இருந்தா?' இவ சொல்றா, 'யாரும் இல்ல, செம்பகம் அப்ப ஊர்ல இல்ல.' அவ்வளவுதான். சாதாரணமாச் சொல்ற மாதிரித்தான் சொன்னா. ஆனா எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. அன்னையிலருந்து நான் பேச்சை நிறுத்திட்டேன். அவ பேசுவா, நான் பேச மாட்டேன்.

அப்படி பேசாம இருக்கிறப்பதான் ஐப்பசி அடைமழையில கீர்த்தனாவுக்குக் காய்ச்சல். நாலு வயசு அப்ப. வியாழக்கிழமை சாயங்காலம் மேலு காஞ்சுச்சு, இருமுச்சு. எங்க வீட்டுக்காரரு மில்லு மோட்டாரைத் தூக்கிட்டுக் கோயமுத்தூருக்குப் போயிட்டாரு. மருந்துக் கடையில காய்ச்சல் டானிக்கு வாங்கிக் குடுத்தேன். கஷாயம் வச்சேன். வெள்ளிக்கிழமை காலையில இவ அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறா. 'செம்பகம், பிள்ளைக்கு மூச்சு வாங்குற மாதிரி தெரியுது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்'ங்கிறா. நான் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே இருக்கேன். சனிக்கிழமையும் வந்து சொன்னா. ஞாயித்துக்கிழமை பிள்ளையைத் தொட்டுப் பாத்துட்டு, நெஞ்சைப் பாத்துட்டு, 'பழுவெலும்புக்கு நடுவுல குழி விழுது பாரு, எங்கிட்டப் பேசாட்டிப் போ, கெளம்பு'ன்னா. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும். பன்னிக் காய்ச்சல் பாத்தவளாச்சே. இது மழைக்கு வர்ற சாதாரணக் காய்ச்சல், எனக்குப் பாத்துக்கத் தெரியும்னு, அவகிட்ட இல்ல, சுவத்துகிட்டச் சொன்னேன்.

திங்கக்கிழமை மதியம் பிள்ளைக்கு உதடு நெறம் மாறிருச்சு. நான் பிள்ளை உள்ளங்காலைத் தேச்சுக்கிட்டே கிடக்கேன். இவதான் தூக்கிட்டுத் தெருவுல நடுரோட்டுல போய் நின்னா. நெல்லு மூட்டையோட வந்த லோடு ஆட்டோவை மறிச்சு, திருமங்கலம் வரைக்கும் அதுல, அங்க இருந்து நூத்தியெட்டு வண்டியில மதுரைக்கு.

ஊர்ல யார் கேட்டாலும் மறுநாளே கொண்டு போயிட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரருகிட்டயும் அப்படித்தான். அவரு புதன்கிழமைதான் வந்தாரு, அவருக்கு எங்க தெரியும். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், நீங்க ராஜபாளையம் போறவங்க.

எட்டு நாள் டீச்சர். மூணு நாள் ஆக்சிஜன். ஒரு நாள் ராத்திரி பகல் தனி ரூம்புல, கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். அந்த எட்டு நாளும் இவ என் பக்கத்தை விட்டு நகரல. நிம்மதியா அழ விட்டாளா? 'சாப்பிடு, சாப்பிடு, நீ விழுந்துட்டா பிள்ளையை யாரு பாக்கிறது'ன்னு இட்லியைப் பிட்டு வாயில திணிக்கிறா. நர்ஸம்மாங்க எல்லாம் அவளைத்தான் பிள்ளையோட அம்மான்னு நினைச்சாங்க. மாத்திரையை அவ கையிலதான் குடுப்பாங்க. எனக்கு எப்படி இருக்கும்?

இதுல கொடுமை என்னன்னா, தொண்டையில பஞ்சை விட்டு டெஸ்டு எடுத்தாங்க. பன்னிக் காய்ச்சலுக்கு அப்புறம் இருமலோட வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் அங்க எடுக்கிறாங்க. மூணாம் நாள் ரிசல்ட்டு வருது. 'பயப்படாதீங்க, பன்னிக் காய்ச்சல் இல்ல. வருஷா வருஷம் சீசன்ல வர்ற சாதாரண ஃப்ளூதான்'னு சொல்லிட்டுப் போறாரு ஒரு டாக்டரு. என் பிள்ளை மூக்குல குழாயோட கிடக்கு, இவருக்குச் சாதாரணமாம். எங்க வீட்டுக்காரரும் எல்லாருக்கும் போன் போட்டு, 'ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்தானாம்'னு சொல்லிட்டாரு. முடிஞ்சு போச்சு. ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஜீப்பு வரல, பவுடர் போடல, பேப்பர்ல வரல. எட்டு நாள்ல மொத்தம் ரெண்டு ரொட்டிப் பாக்கெட்டு. அதுல ஒண்ணு இவளோட அம்மா குடுத்தது.

ஆஸ்பத்திரில பேச வேண்டியதாயிருச்சு, அதுக்கப்புறம் தேவைக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுவேன். ஆனா அன்னையிலருந்து எனக்கு ஒரே ஆத்திரம்தான் டீச்சர். என்னைக்காவது ஒருத்தர், படிச்சவங்க, என் பிள்ளைக்கு வந்தது சாதாரணம் இல்ல, சபரீஷுக்கு வந்ததை விடப் பெருசுன்னு எழுத்துல எழுதித் தரணும். அதைக் கொண்டு போயி அந்த இருபத்து மூணு பாட்டிலுக்கு முன்னாடி வைக்கணும். வேற ஆசை எனக்கு இல்ல.

இப்படி இருக்கிறப்ப போன வாரம் மில்லுக்கு ஒரு போன் வருது. அதே ஆஸ்பத்திரில மேல்படிப்புப் படிக்கிற டாக்டரம்மா, பர்வீன்னு பேரு. பன்னிக் காய்ச்சலுக்கு அட்மிஷன் ஆன பிள்ளைங்களையும், சாதாரண ஃப்ளூவுக்கு அட்மிஷன் ஆன பிள்ளைங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது எவ்வளவு மோசம்னு ஒப்பிட்டுப் பாக்கிறாங்களாம். கிட்டத்தட்ட ஒத்த வயசுப் பிள்ளைங்களா ஜோடி சேக்கிறாங்களாம். சபரீஷும் கீர்த்தனாவும் ஒரே ஜோடியாம். போன் நம்பர் ரெண்டு ஃபைல்லயும் ஒண்ணா இருக்கவும் அந்த அம்மாவுக்கே ஆச்சரியம். பிள்ளைங்க வர வேணாம், தாயிமாருங்க வந்து சில கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும்னாங்க.

எனக்குத் தூக்கமே போச்சு. ஒரு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். இவ என்னடான்னா, 'எந்தச் சேலை கட்டப் போற செம்பகம்'னு கேக்கிறா.

அந்த ரூம்புல போய் உக்காந்தோம். மேஜை நிறைய ஃபைலு. பன்னிக் காய்ச்சல் பிள்ளைங்களுக்குப் பளபளன்னு சிவப்பு அட்டை, நம்ம சாதாரணக் காய்ச்சல் பிள்ளைங்களுக்குப் பழுப்பு அட்டை. அதுலயும் பாருங்க. டாக்டரம்மா சின்ன வயசுதான், முக்காடு போட்டு, பொறுமையாப் பேசுது. பாரத்தை எடுத்துக்கிட்டு முதல்ல இவளைக் கேக்குது. எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை நாள் ஆஸ்பத்திரி, மூச்சுத் திணறல் இருந்துச்சா. இவ இருக்கிறதை இருக்கிற மாதிரிச் சொல்றா. அஞ்சு நாள், ஆக்சிஜன் இல்ல, மூணாம் நாளே இட்லி கேட்டான்னு. இப்படியா பதில் சொல்லுவாங்க? எனக்கே பாவமா இருந்துச்சு.

என் முறை வந்துச்சு. 'எத்தனை நாள்மா அட்மிஷன்?' 'பதினோரு நாள் டாக்டர்.' அந்த அம்மா பழுப்பு ஃபைலைப் பொரட்டிப் பாத்துட்டு, 'எட்டுன்னு இருக்கே'ங்குது. 'எட்டுதான் டாக்டர், வீட்டுக்கு வந்து மூணு நாள் படுத்திருந்தா, அதையும் சேத்துக்கிட்டேன்.' அது சிரிச்சுக்கிட்டே எட்டுன்னு போட்டுச்சு. 'ஆக்சிஜன்?' 'ஆறு நாள்.' 'மூணுன்னு இருக்கு.' 'ராத்திரியும் வச்சிருந்தாங்கள்ல டாக்டர், அதைத் தனியா எண்ணுனேன்.' இவ பக்கத்துல உக்காந்து முந்தானையால வாயைப் பொத்திக்கிறா.

நான் நேராவே கேட்டுட்டேன். 'டாக்டர், இந்த ரெண்டு காய்ச்சல்ல எது பெருசு?'

அது பேனாவை வச்சிருச்சு. 'இன்னும் முடியலம்மா. ஆனா நான் இதுவரைக்கும் பாத்த பிள்ளைங்கள்ல பெருசா வித்தியாசம் தெரியல. புதுக் காய்ச்சல் வந்தப்ப பிள்ளைங்க கும்பல் கும்பலா வந்தாங்க, அதனால பயமா இருந்துச்சு. ஆனா படுக்கையில கிடந்த பிள்ளைக்குப் பிள்ளை பாத்தா, ஆக்சிஜன் வச்சதும் சரி, தனி ரூம்புல வச்சதும் சரி, ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது. உங்க பொண்ணு இந்தப் பையனை விட அதிகமாவே கஷ்டப்பட்டிருக்கா. ஆஸ்பத்திரில படுக்கிற அளவுக்கு வந்துட்டா, சாதாரணம்னு எதையும் சொல்லக் கூடாது'ன்னுச்சு.

எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்துச்சு டீச்சர். அஞ்சு வருஷத்துப் பாரம். திரும்பி இவளை ஒரு பார்வை பாத்தேன். மூஞ்சி சுருங்கும்னு பாத்தா, 'நான் அன்னைக்கே சொன்னேன்ல, பாப்பாதான் ரொம்பப் பட்டுருச்சுன்னு'ங்கிறா, அந்த அம்மாகிட்ட. ஜெயிச்சவளை நிம்மதியா ஜெயிக்கக்கூட விட மாட்டா.

அதோட எந்திரிச்சு வந்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு கேள்விதான்மான்னுச்சு அந்த டாக்டரம்மா. 'காய்ச்சல் வந்து எத்தனை நாள் கழிச்சுக் கொண்டு வந்தீங்க?'

இவ, 'மறுநாளே டாக்டர்'னா, சபரீஷுக்கு. அது உண்மை.

அடுத்து என் முறை. பக்கத்துலயே உக்காந்திருக்கா, எல்லாம் தெரிஞ்சவ. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளும் வாசல்ல வந்து நின்னவ. ஆனா பழக்கம் விடுமா? 'மறுநாளே டாக்டர்'னு நானும் சொல்லிட்டேன்.

அது ஃபைலைப் பாக்குது, என்னைப் பாக்குது. 'வியாழக்கிழமை காய்ச்சல், திங்கக்கிழமை அட்மிஷன்னு போட்டிருக்கே. நாலு நாள் ஆகுதே'ன்னு மெதுவாத்தான் கேட்டுச்சு. இப்பச் சொல்லப் போறா, அஞ்சு வருஷமா வச்சிருந்ததை இந்தப் படிச்ச பிள்ளைக்கு முன்னாடி எடுத்து விடப் போறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இவ சொல்றா, 'நான்தான் டாக்டர் ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்னு சொன்னேன். அவ சின்னவ, பெரியவ பேச்சைக் கேட்டுக்கிட்டா.'

நான் என்ன நினைச்சேன்னு சொல்லட்டுமா? என் மானத்தைக் காப்பாத்தறாளாக்கும்னு நினைச்சேன். அப்ப டாக்டரம்மா தலையை ஆட்டிக்கிட்டே, 'ஆமா, இங்கயும் அப்படித்தான் இருக்கு'ங்குது.

எங்க இருக்குன்னு கேட்டேன்.

'அட்மிஷன் போட்ட அன்னைக்கு எழுதுனது'ன்னு இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல படிச்சுக் காட்டுச்சு. 'தகவல் சொன்னவர், குழந்தையின் பெரியம்மா. தாய் அன்றே கொண்டு வர விரும்பியதாகவும், தன் பேச்சைக் கேட்டே நாலு நாள் வீட்டில் கஷாயம் கொடுத்ததாகவும் சொல்கிறார். பெரியம்மா கடுமையாக எச்சரிக்கப்பட்டார்.'

எச்சரிக்கப்பட்டார்னா என்னங்க டாக்டர்னு கேட்டேன். அது ஒரு மாதிரி சங்கடப்பட்டுக்கிட்டு, 'அப்ப டியூட்டில இருந்த பெரிய டாக்டர் கோவக்காரரு. தாமதமா வர்றவங்களை ரொம்பத் திட்டுவாரு'ன்னுச்சு. அன்னைக்கு நான் பிள்ளை கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நிக்கிறேன், இவ உள்ள போயிட்டு மூஞ்சியெல்லாம் செவந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தா. என் பிள்ளைக்கு இவ எதுக்கு அழுது வேஷம் போடுறான்னு நினைச்சேன் டீச்சர். அப்படித்தான் நினைச்சேன். அஞ்சு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு தடவை சொல்லிக் காட்டியிருந்தான்னா தேவல. நான் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், தீர்ந்து போயிருக்கும். எதையும் சொல்லாம இருந்தா மனுஷி என்ன பண்ணுவா?

அந்த எடத்துல நான் சும்மா இருந்திருக்கணும். புத்தி உள்ளவ இருந்திருப்பா. என்னால முடியல. ஜீப்பு அவளுக்கு, பேப்பரு அவளுக்கு, பாட்டிலு அத்தனையும் அவளுக்கு. என் தப்பையாவது எனக்கு விடக் கூடாதா? 'இல்ல டாக்டர், இவங்க முதல் நாளே சொன்னாங்க, மூணு நாளும் வந்து சொன்னாங்க. நான்தான் கேக்கல. அப்ப எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. இவங்க சொல்லி நான் போகணுமாங்கிற வீம்புதான்'னு சொல்லிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. இவ மேஜைக்கு அடியில என் கையைப் பிடிச்சு அமுக்குறா, சும்மா இருன்னு. நான் கையை உதறிட்டேன்.

'அந்த வரியை அடிச்சிட்டு என் பேரைப் போடுங்க டாக்டர்'னேன். 'பழைய ரெக்கார்டைத் திருத்தக் கூடாதும்மா'ங்குது. சரி, உங்க புதுப் பாரத்துலயாவது எழுதுங்கன்னேன். அது பாரத்தை என் பக்கமாத் திருப்பிக் காட்டுச்சு. 'பாருங்கம்மா, இதுல எத்தனை நாள்னு ஒரு கட்டம்தான் இருக்கு. யாராலன்னு கட்டமே இல்ல'ன்னு சொல்லி, அந்தக் கட்டத்துல நாலுன்னு போட்டுச்சு. ஒரே ஒரு நாலு. நான் அஞ்சு வருஷம் ஒளிச்சு வச்சது அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கிப் போச்சு.

'நீங்க மட்டும் இல்லம்மா, இந்தப் பழுப்பு அட்டைல நிறைய நாலு, அஞ்சு இருக்கு. பன்னிக் காய்ச்சல்னு பயந்தவங்க மறுநாளே தூக்கிட்டு வந்துட்டாங்க. சாதாரணம்னு நினைச்சவங்கதான் நாளை ஓட்டிட்டாங்க'ன்னு சொல்லி, தண்ணி குடுத்துச்சு அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை. நல்லா இருக்கணும்.

வெளிய வந்தோம். இவ எதுவும் நடக்காத மாதிரி, 'பசிக்குது செம்பகம், ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போவோம்'ங்கிறா. எனக்கு எறங்கவே இல்ல. கேட்டுட்டேன், 'எதுக்குக்கா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?'ன்னு. சட்னியைத் தொட்டுக்கிட்டே சொல்றா, 'நீ இருந்த இருப்புல அந்தாளு கத்துறதை நீ தாங்கியிருக்க மாட்டே. எனக்கென்ன, நான் ஏற்கெனவே பன்னிக் காய்ச்சலுக்கு ஒருத்தனை வச்சுப் பாத்தவ. டாக்டர்மாரு திட்டுறதெல்லாம் எனக்குப் பழக்கம்'ங்கிறா.

பாத்தீங்களா டீச்சர்? அதுலயும் பன்னிக் காய்ச்சல் பெருமை.

அதான் பஸ்ஸுல ஏறுனதும் இங்க வந்து உக்காந்துட்டேன். அவ பக்கத்துல உக்காந்தா திரும்ப அழுதுருவேன். அவ எதையாவது பிட்டு என் வாயில திணிப்பா. ஒரு நன்றி சொல்லணும்னு தோணுது, அது வாயில வர மாட்டேங்குது. வேற என்னென்னமோ வருது.

குன்னத்தூர் தாண்டிருச்சா? அப்ப நான் எந்திரிக்கணும். பையைக் கொஞ்சம் பிடிங்க. ஒரே ஒரு உதவி செய்யுங்க டீச்சர். அந்த ஃபைல்லயும் திருத்த மாட்டாங்க, பாரத்துலயும் கட்டம் இல்ல, எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்ல. நீங்களாவது மனசுல குறிச்சு வச்சுக்கங்க. கல்லுப்பட்டி, செண்பகவல்லி. பிள்ளையை நாலு நாள் வீட்டுல போட்டு வச்சது அவதான். இந்திராணி இல்ல. இந்திராணி முதல் நாளே சொன்னா.

குறிச்சுக்கிட்டீங்களா? சரி, நான் போயி அவளை எழுப்புறேன். விட்டா உங்க கூட ராஜபாளையம் வரைக்கும் வந்துருவா.